நுழைவுக் கட்டணம் இல்லாத கடைவீதி: டிஸ்னி ஸ்பிரிங்ஸுக்கு ஒரு மாலை ஒதுக்கலாமா?

அமெரிக்காவில் பணிபுரியும் மகனையோ மகளையோ காணச் செல்லும் பெற்றோரும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இளம் குடும்பத்தினரும் டாலர் பெறுவதற்காக எங்கள் அந்நியச் செலாவணிப் பிரிவுக்கு வருவது வழக்கம். அவர்களுள் புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ நகரைப் பயணத்தில் சேர்த்திருப்போர் ஒரு கேள்வியை எங்களிடமும் கேட்பதுண்டு. டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்களுக்கு எத்தனை நாள் என்பதை அவர்களே முடிவு செய்துகொண்டு வருகிறார்கள். அப்பூங்காக்களுக்கு அருகே கடைகளும் உணவகங்களுமாக அமைந்திருக்கும் டிஸ்னி ஸ்பிரிங்ஸ் என்ற பகுதிக்குத் தனியே நேரம் ஒதுக்க வேண்டுமா, அது வெறும் கடைவீதிதானா என்பதே அவர்களுடைய ஐயம்.

வங்கி அலுவலர்களிடம் கேட்கத்தக்க கேள்வியா இது என்று சிலர் நினைக்கலாம். பல ஆண்டுச் சேமிப்பு பத்துப் பன்னிரண்டு நாள்களில் கரையும் பயணம் அது. அதில் ஒவ்வொரு மாலைப் பொழுதுக்கும் ஒரு விலை இருக்கிறது. எனவே தக்க கேள்வியே என்று கருதி, எங்கள் கருத்தை இங்கே எழுத முற்படுகிறோம்.

செல்லலாம் என்பதே எங்கள் விடை. ஒரு மாலை போதும். உலாவவும் உண்ணவும் செல்லலாம். பொருள் வாங்கும் நோக்கத்துடன் செல்ல வேண்டாம். பூங்காவுக்குச் சீட்டு வாங்கியுள்ள நாளில், அங்கே இருக்க வேண்டிய நேரத்தைக் குறைத்துக்கொண்டு செல்வதும் வேண்டாம்.

இப்பகுதியின் வரலாறு சுருக்கமானதாயினும் சுவையானது. வால்ட் டிஸ்னி வேர்ல்டின் முதற் பூங்கா 1971 அக்டோபரில் திறக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்குள், 1975 மார்ச்சில், லேக் பூயனா விஸ்டா என்னும் ஏரியின் கரையில் ஒரு சிறிய கடைத்தொகுப்பு எழுந்தது. அதன் பின் பெயர் மாறிக்கொண்டே வந்தது. 1989இல் அதன் பக்கத்தில் பிளஷர் ஐலண்ட் என்ற பெயரில் இரவு நேர இசை, நடன விடுதிகள் வந்தன. அவற்றுக்குள் செல்லக் கட்டணம் வசூலிக்கப்பட்டது. 1997இல் மேற்குப் பகுதியும் சேர்ந்து, முழு இடமும் டவுன்டவுன் டிஸ்னி என்று அழைக்கப்பட்டது. 2008 செப்டம்பரில் அந்த இரவு விடுதிகள் மூடப்பட்டன. பல ஆண்டுக் கட்டுமானப் பணிக்குப் பின், 2015 செப்டம்பர் 29 அன்று இன்றைய பெயர் சூட்டப்பட்டது. இன்று மார்க்கெட்பிளேஸ், தி லேண்டிங், டவுன் சென்டர், வெஸ்ட் சைட் என நான்கு பகுதிகள். நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளும் உணவகங்களும். கட்டணம் வாங்கிய பகுதி மறைந்து, கட்டணமற்ற கடைவீதி பல மடங்காகப் பெருகியது என்பதைக் கணக்கு எழுதிப் பழகிய எவரும் கவனிக்காமல் இருக்க முடியாது.

இந்த இலவசத்தின் எல்லை எங்கே முடிகிறது என்று பார்ப்பதும் பயனுடையது. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை. பல அடுக்கு வாகன நிறுத்தங்களுக்கும் கட்டணம் இல்லை. எந்த இடம் காலி என்பதைத் தலைக்கு மேலே உள்ள பச்சை விளக்கு காட்டிவிடுகிறது. பூங்காக்களிலோ ஒரு காரை நிறுத்த நாளொன்றுக்கு 30 டாலர் அளவில் செலுத்த வேண்டும். அப்படியானால் இங்கே இலவசமாகக் காரை விட்டுவிட்டு, டிஸ்னியின் இலவசப் பேருந்தில் பூங்காவுக்குச் சென்றுவிடலாமே என்று நம்மவர் மனம் உடனே கணக்குப் போடும். அதை அவர்கள் முன்பே போட்டுப் பார்த்துவிட்டார்கள். டிஸ்னி ஸ்பிரிங்ஸிலிருந்து டிஸ்னியின் தங்கும் விடுதிகளுக்குப் பேருந்து உண்டு. பூங்காக்களுக்கு நேரடிப் பேருந்து கிடையாது. மாலை வேளையில் பூங்காக்களிலிருந்து இங்கே வருவதற்குப் பேருந்து உண்டு. பணம் செலவழிக்கும் திசையில் பாதை திறந்திருக்கிறது. மிச்சம் பிடிக்கும் திசையில் அடைபட்டிருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வாடிக்கையாளரின் வருகையை இவ்வளவு நுட்பமாகத் திட்டமிடும் நிறுவனத்தின் கடைவீதிக்குள் நுழைகிறோம் என்ற நினைவு இருந்தால் நல்லது என்பதற்காகவே சொல்கிறோம்.

இனிக் குடும்பக் கணக்குக்கு வருவோம். பூங்காச் சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறுபடும். கூட்டம் மிகக் குறைந்த நாளிலும் ஒருவருக்கு ஒரு நாளுக்கு 100 டாலருக்கு மேல்தான். பத்து வயது நிறைந்த எவருக்கும் பெரியவர் கட்டணம். மூத்த குடிமக்களுக்கென்று சலுகை இல்லை. நம் இரயில்களில் 2020 வரை இருந்த மூத்த குடிமக்கள் சலுகையை நினைத்துக்கொண்டு செல்லும் முதியோர் இதை அறிந்திருப்பது நலம். நால்வர் கொண்ட குடும்பத்துக்குச் சீட்டு ஒன்றுக்கு 120 டாலர் என்று கொண்டால் 480 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொண்டால் 43,200 ரூபாய். அந்த நால்வருடன் தாத்தாவும் பாட்டியும் சென்றால் தொகை ஒன்றரை மடங்காகும்.

எங்கள் கருத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. எழுபது வயதுப் பாட்டி எந்த ஊஞ்சலிலும் ஏறப் போவதில்லை. செங்குத்தாக இறங்கும் இரயிலில் அமரப் போவதுமில்லை. பேரப்பிள்ளைகள் வரிசையில் நிற்கும் ஒரு மணி நேரம் வெயிலில் நிழல் தேடி அமர்ந்திருப்பார். ஒரு மணிக்குப் பின் கால் வலிக்கிறது என்பார். நான்கு மணிக்கு, தன்னால் எல்லோருக்கும் தொந்தரவு என்று வருந்துவார். இதற்கு ஏறத்தாழ 11,000 ரூபாய். ஒரு நாள் பூங்காவைப் பார்ப்பதில் அவருக்கும் மகிழ்ச்சி உண்டு, அதை மறுக்கவில்லை. மூன்று நாள்களுக்கும் ஆறு பேருக்கும் சீட்டு எடுப்பதைவிட, இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ முதியோரைத் தங்குமிடத்தில் ஓய்வெடுக்க விட்டு, மாலையில் அனைவரும் டிஸ்னி ஸ்பிரிங்ஸில் கூடுவதாகத் திட்டமிட்டால் இரண்டு சீட்டின் பணம் மிஞ்சும். அதில் ஒரு பகுதிக்கு அனைவரும் நல்ல உணவகத்தில் அமர்ந்து உண்ணலாம். முதியவர் உடன்வரும் குடும்பங்களுக்கு இந்தக் கடைவீதி வீணான சேர்க்கை அன்று. பயணத் திட்டத்தின் சுமையைக் குறைக்கும் ஒரு வழி அது.

நாங்கள் குடும்பமாக இரண்டு மாலைகள் அங்கே கழித்திருக்கிறோம். பை சோதனையைக் கடந்து உள்ளே சென்றதும் முதலில் புலப்பட்டது தண்ணீர். கடைகள் ஏரியைச் சுற்றியே அமைந்திருப்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் நீர் தெரிகிறது. ஏரியில் படகுகள் போய் வருகின்றன. அருகிலுள்ள சில டிஸ்னி விடுதிகளில் தங்குவோர் அந்தப் படகிலேயே வந்து இறங்குகிறார்கள். ஓரிடத்தில், 1960களில் மேற்கு ஜெர்மனியில் தயாரான நிலத்திலும் நீரிலும் செல்லும் கார்கள் சரிவில் உருண்டு வந்து ஏரிக்குள் இறங்கிப் படகாகி நீந்துகின்றன. ஏறிச் செல்லக் கட்டணம் உண்டு. கரையில் நின்று பார்க்க இல்லை. ஒவ்வொரு கார் இறங்கும்போதும் கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே குரலில் ஆரவாரம் செய்தார்கள். எங்கள் பிள்ளைகள் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. லெகோ கடைக்கு வெளியே, சிறு கட்டைகளால் அமைத்த நீண்ட கடற்பாம்பு ஒன்று ஏரியிலிருந்து தலை நீட்டுகிறது. அதற்கும் கட்டணம் இல்லை. ஆங்காங்கே திறந்தவெளியில் இசைக்கிறார்கள். கயிற்றில் கட்டிய பெரிய பலூன் ஒன்று பயணிகளைச் சுமந்துகொண்டு மேலேறி இறங்குகிறது. ஏற விரும்பாதவர்கள் நிமிர்ந்து பார்க்கலாம்.

இவற்றைவிட எங்களைக் கவர்ந்தது வேறொன்று. மாலை முழுவதும் வாகனம் எதுவும் குறுக்கே வராத வழியில், சீரான தரையில், இடையிடையே இருக்கைகளுடன், மூன்று தலைமுறையினர் ஒன்றாக நடக்க முடிந்தது. நம் நகரங்களில் கடைவீதி என்றால் ஒரு கையால் குழந்தையையும் மறு கையால் பெரியவரையும் பிடித்துக்கொண்டு இருசக்கர வாகனங்களுக்கு இடையே வழி தேடுவது. குளிரூட்டிய வணிக வளாகம் என்றால் கூரைக்குக் கீழே மாடி மாடியாக ஏறி இறங்குவது. திறந்த வானத்தின் கீழ், நீரோரத்தில், அச்சமின்றி நடப்பது நம்மில் பலருக்கு அரிய அனுபவம். ‘இது வெறும் மால்தானே’ என்று சொல்வோர் கடைகளை மட்டும் எண்ணிப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஆனால் கடைகளைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரியே. டவுன் சென்டர் பகுதியில் உள்ள ஜாரா, யுனிக்லோ, செஃபோரா போன்ற பெயர்கள் இன்று தில்லியிலும் மும்பையிலும் உள்ளவைதாம். அவற்றுக்குள் செல்ல பதினாறு மணி நேரத்துக்கும் மேல் பறந்து வர வேண்டியதில்லை. வேர்ல்ட் ஆஃப் டிஸ்னி என்ற மாபெரும் கடை இதில் விதிவிலக்கு. டிஸ்னி பாத்திரங்களின் பொம்மை, உடை, கோப்பை என அங்கே இல்லாதது இல்லை. பிள்ளைகளுடன் அதற்குள் நுழைந்து வெறுங்கையுடன் வெளியே வருவது எவராலும் ஆகாது. அப்படி முயலவும் வேண்டாம். வீட்டிலேயே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகையைச் சொல்லி, அதற்குள் எதைத் தேர்ந்தாலும் மறுப்பதில்லை என்று உறுதி கொடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் இது பலித்தது. கடையின் முதல் வரிசையிலேயே கைவைத்த பிள்ளைகள், தொகை தம்முடையது என்றதும் கடைசி வரிசை வரை நடந்து விலை பார்த்துத் திரும்பி வந்தார்கள். உறவினருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் பத்துப் பதினைந்து பரிசுப் பொருள்கள் வேண்டுமென்றால் அவற்றை இங்கே வாங்காதீர்கள். ஆர்லாண்டோவின் பிரீமியம் அவுட்லெட்ஸ் வளாகங்களில், விற்காமல் மிஞ்சிய டிஸ்னி பொருள்களைத் தள்ளுபடியில் தரும் கடைகள் இருக்கின்றன.

விலைச்சீட்டில் உள்ளது முழு விலை அன்று என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பொட்டலத்தில் அச்சிட்ட விலைக்குள் வரி அடக்கம். அங்கே விற்பனை வரி, பணம் செலுத்தும் இடத்தில் தனியே சேரும். இப்பகுதி அமைந்துள்ள ஆரஞ்சு கவுண்டியில் அது 6.5 விழுக்காடு. சில நாடுகளில் வெளிநாட்டுப் பயணி விமான நிலையத்தில் வரியைத் திரும்பப் பெறலாம். புளோரிடாவில் அந்த ஏற்பாடு இல்லை.

உணவகத்தில் இன்னொரு கூட்டலும் உண்டு. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்ப்போம். நால்வர் அமர்ந்து ஆளுக்கு 25 டாலர் விலையுள்ள உணவை உண்கிறார்கள். பட்டியல்படி 100 டாலர். வரி 6.50. மேசையில் பரிமாறும் உணவகமாதலால் பரிமாறுபவருக்கு 20 விழுக்காடு அன்பளிப்பு, 20 டாலர்; அங்கே அது விருப்பத்தைப் பொறுத்ததென்று பெயரே தவிர, பரிமாறுபவரின் வருமானத்தில் பெரும்பகுதி அதுவே, தராமல் எழுவது முறையாகாது. ஆக 126.50. இதை நம் நாட்டுக் கடன் அட்டையால் செலுத்தினால், அந்நியச் செலாவணி மாற்றுக் கட்டணம் 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு சரக்கு சேவை வரி. இரண்டும் சேர்ந்து 5.22 டாலர். மொத்தம் 131.72 டாலர். முன்சொன்ன 90 ரூபாய் வீதத்தில் 11,855 ரூபாய். பட்டியலைப் பார்த்தபோது மனத்தில் எழுதிக்கொண்ட தொகை 9,000 ரூபாய்தான்.

ஒரு மாலையில் ஒரு முறை இப்படி அமர்ந்து உண்பதில் தவறேதும் இல்லை. ஏரியைப் பார்த்தபடி உண்ணும் இரவுணவு பயணத்தின் இனிய நினைவாக நிற்கும். மற்ற வேளைகளில், நாமே வாங்கி எடுத்து வந்து உண்ணும் உணவகங்கள் போதும். அங்கே இந்த அன்பளிப்பு வழக்கம் கட்டாயம்போல் அழுத்துவதில்லை. குளிர்ந்த குடிநீரை அங்கே ஒரு கோப்பையில் விலையின்றிக் கேட்டுப் பெறலாம். நால்வருக்கு நான்கு குளிர்பானம் வாங்குவது பழக்கத்தால் நேர்வதே தவிர, தேவையால் அன்று. சைவ உணவு உண்போர் பட்டினி கிடக்க நேராது. பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவில் புகழ்பெற்ற சமையற்கலைஞர் மனீத் சௌஹான் 2023இன் இறுதியில் அங்கே ஓர் உணவகம் தொடங்கினார். நம் நாட்டு நான் ரொட்டியின் மேல் அவர்களுடைய பீட்சாவைப் பரப்பிய பண்டமெல்லாம் அங்கே கிடைக்கும். தயிர்ச்சோற்றை எதிர்பார்த்துச் செல்லும் பெரியோருக்கு அதைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுவது இல்லத்தின் அமைதிக்கு நல்லது.

அட்டையைப் பற்றிச் சில வார்த்தைகள். எங்கள் தொழில் என்பதால் சொல்லாமல் விட இயலாது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2020 அக்டோபர் முதல் அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாடு வாடிக்கையாளர் கேட்டுத் திறந்துகொள்ள வேண்டிய வசதியாகிவிட்டது. புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அதைத் திறந்து, நாளொன்றுக்கான உச்சவரம்பையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த உச்சவரம்பு கடைவீதியில் பெரிய துணை. அங்கே பல இடங்களில் நம் ஊரைப்போல் கைப்பேசிக்கு ஒருமுறைக் கடவுச்சொல் வராது. அட்டையைத் தொட்டால் பணம் சென்றுவிடும். இருப்பு தீர்ந்ததா என்று நம்மை ஒரு கணம் நின்று நினைக்க வைக்கும் அந்தச் சிறு தடை அங்கே இருப்பதில்லை. பணம் செலுத்தும் கருவி, ‘டாலரிலா, ரூபாயிலா’ என்று கேட்டால் டாலரைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டினால் புரிவதற்கு எளிதாக இருக்கும். ஆனால் மாற்று வீதத்தை அந்த வணிகர் தரப்பு நிர்ணயிப்பதால் பொதுவாக நமக்கு இழப்பே. அந்நியச் செலாவணிக்கான முன்பணம் செலுத்திய அட்டையில், அந்த மாலைக்கென்று ஒரு தொகையை மட்டும் ஏற்றி வைத்துக்கொள்வது இன்னும் எளிய வழி. ரொக்கமாகக் கொஞ்சம் இருக்கட்டும்; ஆயினும் கற்றையாக நோட்டுகளைச் சுமந்துகொண்டு கூட்டத்தில் திரிய வேண்டாம்.

ஆர்லாண்டோவில் யுனிவர்சல் நிறுவனத்தின் சிட்டிவாக் என்ற இதேபோன்ற பகுதியும் உண்டு. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்போர் இருக்கிறார்கள். சிட்டிவாக், யுனிவர்சல் பூங்காக்களின் வாயிலிலேயே இருக்கிறது. வாகன நிறுத்தத்திலிருந்து பூங்காவுக்குச் செல்வோர் அதைக் கடந்தே செல்ல வேண்டும். ஆகவே யுனிவர்சல் பூங்காவுக்குச் செல்வோர் அதற்கெனத் தனியாக ஒரு மாலை ஒதுக்கத் தேவையில்லை. திரும்பும் வழியில் பார்த்துக்கொள்ளலாம். டிஸ்னி ஸ்பிரிங்ஸ் அப்படியன்று. எந்தப் பூங்காவின் வாயிலிலும் இல்லாமல் தனித்து நிற்கிறது. அதற்கென்றே புறப்பட்டுச் செல்ல வேண்டியிருப்பதால்தான் ‘செல்லலாமா’ என்ற கேள்வியே எழுகிறது. ஆர்லாண்டோவில் மூன்று நாள்களே தங்குவோர், பூங்காக்களையே முழுமையாகப் பார்க்கட்டும்; அவர்கள் இந்த மாலையை விட்டுவிட்டால் பெரிதாக எதையும் இழந்துவிட மாட்டார்கள். ஐந்து நாள்களும் அதற்கு மேலும் தங்குவோர் வந்து இறங்கிய நாளின் மாலையையோ, இரு பூங்கா நாள்களுக்கு இடையே கால்களுக்கு ஓய்வு தரும் நாளையோ இதற்குக் கொடுக்கலாம்.

‘ஸ்பிரிங்ஸ்’ என்ற பெயருக்கு ஏற்ப டவுன் சென்டரில் ஊற்றுநீர்போல் நீலமாகத் தெளிந்த நீர்நிலை ஒன்று அழகாக அமைக்கப்பட்டிருக்கிறது; ஊற்றைச் சுற்றி வளர்ந்த பழைய புளோரிடா ஊர் என்பது அவர்கள் புனைந்துகொண்ட கதை. உண்மையான ஊற்றைக் காண விரும்பும் குடும்பங்கள், கார் வசதி இருந்தால், ஆர்லாண்டோவுக்கு வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள புளூ ஸ்பிரிங் மாநிலப் பூங்காவுக்குச் செல்லலாம். நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் மாறாமல் 22 பாகை அளவிலேயே இருப்பதால், குளிர்காலத்தில் ஆற்றின் குளிருக்கு அஞ்சி மானட்டீ எனப்படும் கடற்பசுக்கள் கூட்டமாக அந்த ஊற்றுக்குள் வந்து தங்குகின்றன. நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை கரையில் நின்றே அவற்றைக் காணலாம். ஒரு காரில் வரும் குடும்பம் முழுவதற்கும் சேர்த்து 6 டாலர்தான் கட்டணம். குளிர்காலத்தில் செல்வோருக்கு இது பகற்பொழுது, டிஸ்னி ஸ்பிரிங்ஸ் மாலைப்பொழுது என்று ஒரே நாளில் இரண்டும் அமைந்துவிடும்.

பருவத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது அன்றாட நிகழ்ச்சி. நம் பள்ளி விடுமுறையின் இறுதியில் செல்வோர் அம்மழை ஓய்ந்தபின், ஐந்தரை ஆறு மணிக்குச் சென்றால் வெயிலும் தணிந்திருக்கும். வார இறுதி இரவுகளில் உள்ளூர் மக்களும் திரண்டு வருவதால் உணவகங்களில் இடம் கிடைப்பது அரிது. செவ்வாய், புதன் மாலைகள் நல்லவை. டிஸ்னி விடுதியில் தங்காதவர்களும் வாடகைக் கார் இல்லாதவர்களும் ஆர்லாண்டோ நகரப் பேருந்தில் 2 டாலர் கட்டணத்தில் அங்கே சென்று சேரலாம். நேரம் கூடுதலாகும், திரும்பும் பேருந்தின் நேரத்தை இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டிசம்பரில் செல்வோர் அதிர்ஷ்டசாலிகள். அம்மாதத்தில் வெவ்வேறு டிஸ்னி கதைகளின் பெயரில் அலங்கரித்த கிறிஸ்துமஸ் மரங்களை வழிநெடுக நிறுத்தியிருப்பார்கள். அவற்றைச் சுற்றிப் பார்க்கச் சீட்டு வேண்டியதில்லை. மாலை இருட்டத் தொடங்கி விளக்குகள் ஏற்றப்படும் வேளையில் பிள்ளைகளை முன்னே நடக்கவிட்டு, பெரியவர்கள் பின்னே மெதுவாக வரலாம்.